கறி போன இடத்தில் காய் வந்ததா?

சென்னை அசோக் நகரில் புரட்டாசி பிறந்துவிட்டதைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அவென்யூ முனையில் இருக்கும் கறிக்கடைப் பக்கம் போனால் போதும். மற்ற மாதங்களில் டோக்கன் கொடுக்காத குறையாகக் கூட்டம் நிற்கும் கடை அது. புரட்டாசியில் கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பிரியாணிக் கடையில் அண்டா சிறிதாகிவிடும். இரண்டு கடை தள்ளி இருக்கும் காய்கறிக்காரர் கத்தரிக்காய்க்கு ஒரு விலை சொல்வார். என்னய்யா இது என்றால் "புரட்டாசி சார்" என்பார். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு எல்லாம் தலைகீழ். அன்றைக்குக் காசிமேட்டு மீன் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-இல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் 97.65 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். இந்த எண்ணை வைத்துச் சைவம், அசைவம் இரண்டு தரப்பும் சண்டை போடுவதுண்டு. ஆனால் எண்ணுக்குள் இருக்கும் வாழ்க்கையை யாரும் பார்ப்பதில்லை. என் பக்கத்து வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் கவிச்சி கிடையாது. வருடத்துக்கு 156 நாள். புரட்டாசியில் மிச்சமுள்ள கிழமைகளைச் சேர்த்தால் 170-ஐத் தாண்டும். அமாவாசை, கிருத்திகை, குலதெய்வத்துக்கு மாலை போட்ட நாட்கள் எல்லாம் தனி. கணக்கெடுக்க வந்தவரிடம் "நாங்க நான்வெஜ்" என்று சொன்ன அந்தக் குடும்பம், வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் சைவம்.

ஆகவே சைவச் சாப்பாட்டின் அருமையைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நான் கேட்க நினைப்பது வேறு. அந்த 170 நாட்களில் நம் தட்டில் என்ன இருக்கிறது? கறி போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது?

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் சமைக்க முடியாமல் ஹோட்டலில் ஒரு சாப்பாடு பார்சல் வாங்கி வந்தேன். ஏதோ ஒரு குறுகுறுப்பில் பொட்டலங்களைப் பிரிக்கும்போதே சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். சாதம் அரைக் கிலோவைத் தாண்டியது. பொரியல், கூட்டு இரண்டு டப்பாவும் சேர்ந்து நூறு கிராம் தேறவில்லை. அதிலும் பாதி உருளைக்கிழங்கு. சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு மிதந்தது. பருப்பு இருந்திருக்கும், தேடினால் கிடைத்திருக்கும். வத்தக்குழம்பில் எண்ணெய் மேலே நின்றது. அப்பளம், ஊறுகாய், ஒரு ஸ்வீட். சுத்த சைவம்தான், சந்தேகமில்லை. காய்தான் இல்லை.

இது அந்த ஹோட்டலின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நம் வீட்டுச் சமையலும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கறி, மீன் இருக்கும் நாளில் சாதம் ஒரு அளவோடு நின்றுவிடும், ஏனென்றால் வயிறு நிறைக்க வேறு ஒன்று இருக்கிறது. இல்லாத நாளில் சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று மலை ஏறி இறங்குகிறோம். ராத்திரி இட்லியோ தோசையோ, அதுவும் அரிசிதான். கொஞ்சம் மாறுதல் வேண்டும் என்றால் பரோட்டா, அது மைதா.

அரிசியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் வி. மோகன் குழுவினருக்கும் பங்கு உண்டு. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சாதம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து கூடுதல் என்றும், அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக அழுத்தமாகத் தெரிகிறது என்றும் அது சொன்னது. 450 கிராம் என்பது அந்த ஒரு பார்சலுக்குள்ளேயே முடிந்துபோகிற கணக்கு. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர்.

அந்த ஏழில் ஒருவன் நான். ஐம்பது வயதில் சர்க்கரை என்று தெரிந்ததும் கறியை விட்டேன். ஒரு வருடம் வைராக்கியமாக இருந்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு குறையவில்லை. கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "கறியை விட்டீங்க சரி, அந்த இடத்துல என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. தயிர் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை, வெண்பொங்கல். பட்டியல் ஒரு கோயில் மடப்பள்ளி மாதிரி இருந்தது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அம்பிகா சதீஜா என்ற இந்திய ஆய்வாளர் தலைமையில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வை என் போன்ற மடப்பள்ளிச் சைவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, தாவர உணவையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முழுத்தானியம், காய், பழம், பயறு, கடலை என்று சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைந்தது. தீட்டிய தானியம், சர்க்கரை, இனிப்புப் பானம், வறுவல் என்று சாப்பிட்டவர்களுக்குக் கூடியது. இரண்டாவது பட்டியலில் இருப்பதும் செடியிலிருந்து வந்ததுதான்.

முறையாகச் சாப்பிட்டால் சைவத்துக்குப் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடம் நடக்கும் நீண்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அந்தச் சபையில் குடி, புகை ஏறக்குறைய இல்லை. ஏறக்குறைய பாதிப்பேர் சைவம் அல்லது சைவத்தை ஒட்டியவர்கள், மற்றவர்கள் அசைவம். ஆகவே ஒப்பிடுவது எளிது. 73,000 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான முடிவில், சைவம் சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதம் 12 சதவீதம் குறைவாக இருந்தது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் வகைப்படுத்தியது. ஃபிரீசரில் இருந்து எடுத்து எண்ணெயில் போடும் சிக்கன் சாசேஜ் பள்ளிப் பிள்ளைகளின் சாயங்கால டிபன் ஆகிவிட்ட நகரத்தில் இது நமக்கும் சம்பந்தமுள்ள சேதி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் சைவர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆனால் பக்கவாதம் கொஞ்சம் கூடுதல் என்றும் வந்தது. பாலும் தொடாதவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்றார்கள். எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி. எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து மாதம் 10 கிலோ! காய் தினமும் 1,600 கிராம்!

என் வீட்டு மளிகைச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன். துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, கடலைப் பருப்பு தாளிக்க கால் கிலோ. ஐந்து கிலோகூட இல்லை. அரிசி, இட்லி அரிசி மட்டும் 30 கிலோவுக்கு மேல். அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காய் என்று தினம் வாங்கியது முக்கால் கிலோவைத் தாண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சிட்டையும் ரொம்ப வித்தியாசமாக இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

மாற்றம் அங்கேதான் தொடங்கியது. எங்கள் வீட்டில் யாரும் கீன்வா வாங்கவில்லை, அவகேடோ வாங்கவில்லை. பாட்டி சமைத்ததைத் திரும்ப எடுத்தோம், அவ்வளவுதான். வாழைப்பூ பருப்பு உசிலி என்று ஒன்று இருக்கிறது. ஊறவைத்து அரைத்த பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் பூவோடு பிரட்டுவது. ஒரு கரண்டி சாதத்துக்கு இரண்டு கரண்டி உசிலி வைத்துக்கொள்ளலாம், தொண்டையில் இறங்கும். பருப்புருண்டைக் குழம்பு. பாசிப்பருப்பு நிறையப் போட்ட புடலங்காய்க் கூட்டு. நவராத்திரிக்கு மட்டும் செய்துவந்த சுண்டல் இப்போது சாயங்கால பிஸ்கட்டுக்குப் பதில். திங்கள் கொண்டைக்கடலை, புதன் காராமணி, வெள்ளி மொச்சை. வாழைப்பூ ஆய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஒவ்வொரு பூவிலும் நரம்பையும் கண்ணாடி மாதிரி இருக்கும் இதழையும் எடுக்க வேண்டும், கை கறுத்துப்போகும், மோரில் போட வேண்டும். இந்த வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆரோக்கியம் பற்றிக் கட்டுரை எழுதுவது அயோக்கியத்தனம் என்று மனைவி சொன்னாள். அதனால் எங்கள் வீட்டில் வாழைப்பூ ஆய்வது இப்போது என் வேலை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஆயலாம்.

இன்னும் இரண்டு விஷயம், டாக்டர்கள் அவசரத்தில் சொல்ல மறப்பவை. பி12 என்ற வைட்டமின் செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர் தாராளமாக இருந்தால் ஓரளவு கிடைக்கும். வயதானவர்களுக்கும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் அதுவும் போதாமல் போகலாம். காலில் மதமதப்பு, மறதி என்று வந்தால் வயசாச்சு என்று விட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டாவது இரும்புச்சத்து. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கீரையில் உள்ள இரும்பு கறியில் உள்ளதைப் போலச் சுலபமாக உடம்பில் சேராது. எலுமிச்சை பிழிந்தாலோ கூடவே நெல்லிக்காய் இருந்தாலோ நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் சேருவதும் கெடும். டிபன் ஆனதும் டிகாஷன் வாசனை வராவிட்டால் இந்த ஊரில் பலருக்குச் சாப்பிட்டதாகவே தோன்றாது. எனக்கும்தான். ஒரு மணி நேரம் தள்ளிப்போடப் பழகியிருக்கிறேன், சில நாள் முக்கால் மணி.

இதுவரை சொன்னது சமையலறை விவகாரம். இந்த ஊரில் சைவம் பேசுகிறவன் வாசலுக்கும் வந்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் மாதம் ஒரு டு-லெட் பலகையாவது தொங்கும். அதில் "வெஜிடேரியன்ஸ் ஒன்லி" என்று ஒரு வரி இருக்கும். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு எல்லா இடத்திலும் பார்க்கிறோம். அடுப்பில் மீன் வாசனை வரக்கூடாது என்பதற்காக எழுதிய வரி என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அதைப் படிக்கிறவருக்குப் புரிவது வேறு என்பது எழுதியவருக்கும் தெரியும். புரோக்கர் "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்பது உங்கள் கொலஸ்ட்ரால் பற்றிய அக்கறையில் இல்லை. நான் சைவத்துக்கு மாறிய பிறகு அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம். சொன்ன உடனே அடுத்த கேள்வி வரும்: "இல்ல சார், பிறவியிலேயே வெஜ்ஜா?"

சாப்பாட்டுக்குச் சைவம் என்று ஒரு சமயத்தின் பெயரை வைத்திருக்கும் மொழி நம்முடையது. பெயரோடு சாதி அடையாளமும் வந்து ஒட்டிக்கொண்டது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இட்லி, தோசை எல்லாருக்கும் பொது என்பதை ஹோட்டல்கள் ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிடவில்லை. எங்களுக்கு அடுத்த கே.கே. நகரில் 1981-இல் மளிகைக் கடைக்காரர் பி. ராஜகோபால் சரவண பவனைத் தொடங்கியபோது, சைவ ஹோட்டல் தொழில் ஓர் அக்ரகாரச் சொத்தோ உடுப்பிச் சொத்தோ இல்லை என்பது நிரூபணமாயிற்று. அவர் பின்னாளில் கொலை வழக்கில் தண்டனை பெற்றது வேறு கதை. ஹோட்டல் மேசையில் விழுந்த வேலி வாடகை வீட்டு வாசலில் இன்னும் நிற்கிறது.

வள்ளுவர் புலான் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். குலத்தோடு முடிச்சுப் போடவில்லை. வள்ளலாரின் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த அவர், புலால் மறுத்ததோடு சாதியையும் மறுத்தவர். வடலூரில் 1867-இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே பந்தியில் உட்காருகிறவரிடம் பசி இருக்கிறதா என்பதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. அவர் நினைவு நாளில் அரசாணை போட்டு இறைச்சிக் கடை ஷட்டரை இறக்கிவிடுகிறோம். பசித்தவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று ஆணை போட்டிருந்தால் அவர் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

இதே காரணத்துக்காகத்தான் சத்துணவு முட்டையில் கை வைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். பால், தயிர், நெய், முந்திரி எல்லாம் உள்ள வீட்டில் சைவம் ஒரு தேர்வு. அதெல்லாம் இல்லாத வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் அந்த ஒரு முட்டை அந்த நாளின் புரதம். வேண்டாம் என்கிற குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, அப்படியே இருக்கட்டும். காசிமேட்டு வீட்டில் மத்தி மீன் குழம்பு கொதிப்பதைப் பார்த்து ஆரோக்கியப் பிரசங்கம் செய்யவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் பெருமாளுக்காக விரதம் இருக்கிற ஊர் இது. அந்த நெளிவு சுளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. புரட்டாசியில் கறி சாப்பிட்டால் சூடு கிளம்பும், கிருமி பரவும் என்று வாட்ஸ்அப்பில் வரும் விஞ்ஞானம்தான் தேவையில்லாதது. பெருமாளுக்காக என்று சொன்னால் போதுமே.

பருவநிலை பற்றியும் கேட்பார்கள். உலக அளவில் கால்நடை வளர்ப்பு காற்றில் விடும் பசுங்குடில் வாயு மொத்தத்தில் 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. கறியைக் குறைத்தால் பூமிக்கு நல்லதுதான். ஆனால் நம் ஊரில் மாடு பெரும்பாலும் பாலுக்காக வளர்க்கப்படுகிறது. நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. தயிர் சாதம் சாப்பிடுகிறவர் இந்த விஷயத்தில் நெஞ்சை ரொம்ப நிமிர்த்த வேண்டியதில்லை. பருப்பும் பயறும் சாப்பிடுகிறவர் கொஞ்சம் நிமிர்த்தலாம். பயறுச் செடி காற்றில் உள்ள தழைச்சத்தைத் தானே வேரில் பிடித்து வைத்துக்கொள்ளும், யூரியாச் செலவு குறையும்.

கறியை அடியோடு விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. விட்டவன் என்ற முறையில் பலன் உண்டு என்று மட்டும் சொல்வேன். சிட்டையில் பருப்பும் பையில் காயும் ஏறியபின் என் சர்க்கரை அளவு இறங்கியது, ஒரு மாத்திரை குறைந்தது. என் ஒருவனின் உடம்பு ஆராய்ச்சி ஆகாது. உங்கள் மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஆனால் ஏற்கெனவே சைவமாக இருக்கும் அந்த 170 நாட்களிலாவது ஒழுங்காகச் சாப்பிடலாமே. சாதத்தை முதலில் போட்டுக்கொள்ளாமல், காயையும் கூட்டையும் போட்டு மிச்ச இடத்தில் சாதம் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கள் அந்தப் பலகையில் ஒரு வரியை அழித்துவிடலாம். செலவு ஒன்றும் இல்லை.

காய் விலை ஏறிவிட்டது என்று சொல்வீர்கள். அசோக் நகர் மெட்ரோவில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் கோயம்பேடு. 1996 முதல் சென்னைக்கே காய் அனுப்பும் சந்தை. வாரம் ஒரு தடவை இரண்டு வீட்டார் சேர்ந்து போய் வந்தால் கட்டுப்படியாகும். அதற்கும் நேரம் இல்லையென்றால், எங்கள் தெருவில் காலையில் ஒரு கீரைக்காரம்மா தள்ளுவண்டியில் வருகிறார். அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, அவரிடம் கேட்டு வைத்தால் அகத்தியும் கொண்டுவருவார். உங்கள் தெருவிலும் ஒருவர் வருவார். வெயில் ஏறுவதற்குள் அவர் வண்டியைத் திருப்பிவிடுவார், அதற்குள் இறங்கிப் போய் இரண்டு கட்டு வாங்கிவிடுங்கள்.